உங்கள் கண்ணுக்கென்று நான் வாங்கிய கார்டு

அக்கா,

நேற்று மாலை வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் மகள், கணினி விளையாட்டுக்காகப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்கிறாள். எதை வாங்குவது என்று இரண்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்து, தோழிகளோடு வாக்குவாதம் செய்து, கடைசியில் தேர்ந்தெடுத்தது. என் எதிரே உட்கார்ந்துதான் பிரித்தாள். உள்ளே வெள்ளிநிற உறை. அதைக் கிழித்ததும் அந்த வாசனை எழுந்தது. ஈயப் பற்றும் புது பிளாஸ்டிக்கும் சேர்ந்த, இன்னும் யார் கையும் படாத வாசனை. "மோந்து பாருப்பா, செமயா இருக்கு" என்று என் முகத்தருகே நீட்டினாள். நான் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

நீங்கள் இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்த வாசனையை நான் முதன்முதலில் முகர்ந்தது உங்கள் கடையில், உங்கள் மேஜைமேல் வைத்துப் பிரித்த ஒரு கார்டில். அதைப் பற்றி உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சொல்ல இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் நேரம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தி.நகரில் பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில், தையல் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது உங்கள் டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், ரசீதுப் புத்தகம், கட்சிக்காரர்களின் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் அங்கே உருவாகும். வக்கீல் ஒருவரிடம் பதினைந்து வருடம் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு, நாற்பது வயதை நெருங்கும்போது துணிந்து சொந்தமாக ஆரம்பித்தீர்கள். தினமும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். பட்டம் வாங்கி இரண்டு வருடம் வேலை இல்லாமல் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றிக்கொண்டிருந்த என்னை ஆபரேட்டராக வைத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று.

உங்களிடம் இரண்டு தமிழ் இருந்தது. வாடிக்கையாளர் வந்தால், "சொல்லுங்க சார், எந்த மாடல் பார்க்கறீங்க?" அவர் படி இறங்கிய மறுநொடி, "இன்னாபா இந்தாளு, மாப்ள பேரவிட மாமனார் பேரு பெர்சா இர்க்கணும்னு சொல்லிக்கினு கீறாரு? கல்யாணம் யாருக்காம்?" என்று என் பக்கம் திரும்புவீர்கள். நான் சிரித்துச் சிரித்து விசைப்பலகையில் தப்பாக அடிப்பேன். அதற்கும் திட்டு விழும். கோபக்காரி நீங்கள். ஒற்றெழுத்து விட்டுப்போனால் என் தலையில் பென்சிலால் தட்டுவீர்கள்.

கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். நான் அடித்து முடித்ததும் எழுந்துகொள்வேன். நீங்கள் உட்கார்ந்து ஓரங்கள், பூக்கொடி, பிள்ளையார் படம் எல்லாம் பார்த்து வைப்பீர்கள். பிழை பார்ப்பதும் திரையிலேயேதான். பதினான்கு அங்குலத் திரை, அதற்குள் ஒரு பத்திரிகை முழுவதும்.

அந்த வருடம்தான் அடையாறில் இருந்த என் கல்லூரி நண்பன் வீட்டில் புதிய கார்டு போட்டிருந்தார்கள். முப்பரிமாண விளையாட்டுகளுக்கென்றே வந்த தனிக் கார்டு. கார் பந்தயம் ஒன்றை ஓடவிட்டுக் காட்டினான். எங்கள் காலத்தில் அதுவரை கார் என்றால் திரையில் சதுரம் சதுரமாகத் தெரியும். இவன் திரையில் சாலை ஈரமாக இருந்தது, அந்த ஈரத்தில் விளக்கு மின்னியது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். "ஒரு ரவுண்டு குடுடா" என்றேன். "அப்பா வந்துடுவாரு மச்சி, இன்னொரு நாள்" என்றான். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். எங்கள் வீட்டில் கணினி வாங்கும் பேச்சே கிடையாது. எனக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது உங்கள் கணினி ஒன்றுதான்.

அப்போதுதான் ஒரு நாள் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"தம்பி, இங்க வா. இந்த லெஃப்ட் ஓரத்துல எழுத்தெல்லாம் மங்கலா கீது. உனக்கு அப்டித் தெரிதா?"

குனிந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. இடது ஓரம், வலது ஓரம், நடு, எதிலும் வித்தியாசம் இல்லை. இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன் அக்கா. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"கண்ணுதான் போய்க்கினு கீதோ இன்னாவோ. சனிக்கெழம அண்ணியோட கண்ணாஸ்பத்திரி போலாம்னு கீறேன். அவுங்களுக்கும் காட்டணுமாம்" என்றீர்கள்.

நான் சொன்னேன்: "கண்ணெல்லாம் இல்லக்கா. டிஸ்ப்ளே கார்டு பழசு. அதுல மெமரி பத்தல. அதான் ஓரத்துல மங்குது. புது கார்டு போட்டா சரியாயிடும்."

யோசித்துச் சொன்னதுகூட இல்லை. வாயைத் திறந்ததும் பொய் தயாராக இருந்தது. நீங்கள் ஒரு கணம் திரையைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கண்ணாடி போடுவதே உங்களுக்குப் பிடிக்காது, "கெயவியாட்டம் கீது" என்பீர்கள். கோளாறு உங்களிடம் இல்லை, இயந்திரத்தில்தான் என்று ஒருவன் சொன்னது உங்களுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கிறது.

"அப்டியா? நான் பயந்தே பூட்டேன்பா. அப்ப பெரிய மானிட்டர் வாங்க எடுத்து வச்சிக்கிற துட்டுல கார்டே வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கலாம்க்கா. நானே ரிச்சி தெருவுல பாத்து எடுத்துட்டு வரேன்."

சனிக்கிழமை உங்கள் அண்ணி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ரிச்சி தெருவில் அன்று பிற்பகல் முழுக்க நடந்தேன். வயர் சுருள்களுக்கும் பழைய ரேடியோப் பலகைகளுக்கும் நடுவே கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு குறுகலான கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், வாயில் பாக்கு.

"இன்னா வேலைக்கு சார், டி.டி.பி.யா, கேமா?"

"டி.டி.பி."

"அப்ப இத எடு. சாதா கார்டுதான், ஆனா நாலு எம்.பி. எழுத்து கண்ணாடியாட்டம் தெரியும்." இன்னொரு பெட்டியை ஒதுக்கினார். "இது கேமுக்கு. இருக்குற கார்டு மேலயே இத மாட்டணும். மானிட்டர் வயரு இதுக்குள்ள பூந்து வெளிய வரும். கேமு சும்மா பிச்சிக்கினு ஓடும். ஆனா எழுத்து லேசா மங்கிப்பூடும் சார், பொய் சொல்லல. நாளெல்லாம் எழுத்து பாக்குறவங்களுக்கு இது வேணாம்."

நான் அந்த இரண்டாவது பெட்டியைத்தான் கையில் எடுத்தேன். "இதையே குடுங்க."

"டி.டி.பி.னு சொன்ன?"

"பரவாயில்ல, குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பில் போட்டார். முன்பின் தெரியாத அந்த மனிதர் உங்கள் கண்ணுக்காக எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னார். உங்கள் கையால் சாப்பிட்ட நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் உங்கள் முன்னால்தான் மாட்டினேன். உறையைக் கிழித்ததும் நீங்களும் குனிந்து முகர்ந்தீர்கள். "புது செருப்பு வாசன" என்றீர்கள். திரை எரிந்தது. கடைக்காரர் சொன்னது உண்மை, எழுத்தின் விளிம்புகள் கொஞ்சம் கரைந்திருந்தன. அதை மறைக்க வெளிச்சத்தைக் கூட்டினேன், பக்கத்தைப் பெரிதாக்கி வைத்தேன். உங்களை உட்கார வைத்து, "இப்ப எப்படிக்கா?" என்றேன்.

நீங்கள் ரொம்ப நேரம் பார்த்தீர்கள். தலையை லேசாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"பரவால்லபா. நல்லாவே தெரிது."

நன்றாகத் தெரியவில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்தது. வெயிலில் அலைந்து வாங்கி வந்தவன் மனம் நோகக் கூடாதென்று சொன்னீர்கள். நான் அதையும் வசதியாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. "மிச்ச வேலை கொஞ்சம் இருக்குக்கா" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் சாயங்காலம் வரை கார் ஓட்டுவேன். நண்பன் வீட்டில் பார்த்த அதே ஈரச் சாலை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கம் அப்போது வரவில்லை. பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக விளையாட்டை மூடினேன். நீங்கள் கையில் டிபன் கேரியரோடு நின்றீர்கள். மூச்சு வாங்கியது.

"லீவு நாள்லகூட வேல செய்றியேனு மனசு கேக்கலபா. நம்ம வூட்ல மீனு. உனக்குனு தனியா தயிர் சோறும் உருளக்கெயங்கும் செஞ்சேன். துன்னு."

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து கொடுத்தீர்கள். சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து, "பாவம்பா நீ" என்று விசிறினீர்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதை மறந்து கையால் விசிறினீர்கள். நீங்கள் படியிறங்கியதும் நான் மறுபடி காரை எடுத்தேன்.

அந்த மாதங்களில் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. உங்கள் இடப்பக்கம் இருந்த ஸ்கேனர் மேஜையின் முனையில் அடிக்கடி இடித்துக்கொண்டீர்கள். "இந்த டேபிள் நவுந்து நவுந்து வருதுபா" என்று சிரித்தீர்கள். நான் மேஜையைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். அந்தப் பக்கம் டீ வைத்தால் கை பட்டுக் கவிழ்ந்தது. நான் டீயை வலப்பக்கம் வைக்க ஆரம்பித்தேன். ஒரு பத்திரிகையில் இடது பத்தியில் மணமகனின் தாத்தா பெயர் ஒன்று முழுதாக விட்டுப்போய், அச்சாகி வந்த பிறகு அந்த வீட்டார் வந்து கத்தினார்கள். வாய்க்கு வாய் பேசும் நீங்கள் அன்று அந்தப் பத்திரிகையைக் கண்ணருகே பிடித்து இடது பத்தியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நானாவது, "அக்கா, ஒரு தடவ கண்ணக் காட்டிடலாம்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் சொன்ன பொய் வெளியே வரும். அதனால் மேஜைகளை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் மாலை உஸ்மான் சாலையைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து வந்த சைக்கிள் உங்கள்மேல் மோதியது. மணியடித்துக்கொண்டேதான் வந்தான். நீங்கள் திரும்பவே இல்லை. விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டருக்குச் சந்தேகம் வந்து, உங்கள் இடப்பக்கம் விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டார். "எது?" என்று கேட்டீர்கள் நீங்கள்.

கண் டாக்டரிடம் நான்தான் கூட வந்தேன். நடுத்தர வயதுப் பெண்மணி. இரண்டு மணிநேரச் சோதனைகளுக்குப் பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது. வலி இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும் நோய்.

"எத்தனை நாளா மங்கலா இருக்கு?"

"ஒம்போது மாசம் முன்னாடியே லெஃப்ட்ல தெரிஞ்சது டாக்டர். கம்ப்யூட்டர் கோளாறுனு நெனச்சிக்கினேன்."

"கம்ப்யூட்டர் கோளாறா? யாரு சொன்னா அப்படி?"

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். நான் உங்கள் நாற்காலிக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாத பக்கம்.

"யாரும் சொல்லல டாக்டர்" என்றீர்கள். "நானாத்தான் நெனச்சிக்கினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பவே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காதும்மா. போனது திரும்ப வராது. சொட்டுமருந்து விட்டு இருக்கறதக் காப்பாத்தப் பார்க்கலாம்."

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினீர்கள். "அந்தம்மா உன்னத் திட்டிருக்கும்பா. நீ நல்லது நெனச்சி சொன்ன, அதுக்கு இன்னா தெரியும்?" என்றீர்கள். அப்போது சொல்லியிருக்கலாம். பத்துப் படி இருந்தது. ஒவ்வொரு படியிலும் சொல்லியிருக்கலாம். "பாத்துக்கா, பாத்து" என்பது மட்டும்தான் என் வாயில் வந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கையில் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தீர்கள். கார்டைக் கழற்றி எறிந்துவிடுவது என்றுதான் கடைக்குப் போனேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு மூன்று மணிநேரம் விளையாடினேன். ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அதற்கு ஐந்து மாதம் கழித்து எனக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்த விண்ணப்பத்தைக்கூட நீங்கள்தான், எழுத்தைப் பெரிது பெரிதாக வைத்துக்கொண்டு, பிழை பார்த்துக் கொடுத்தீர்கள். ஒரு பிழையும் விடவில்லை. நான் போன பிறகு நாலு வருடம் வேறொரு பெண்ணை வைத்துக் கடையை நடத்திவிட்டு, முடியாமல் மூடினீர்கள். கோட்டூர்புரத்தில் அண்ணன் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் உங்களைப் பார்க்க வந்தது மொத்தம் இரண்டே முறை.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்தேன். அதற்குள் உங்களுக்கு நேர் எதிரே இருப்பது மட்டும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரிந்தது. என் குரலைக் கேட்டதும் எழுந்து, கையை நீட்டி என் கன்னத்தைத் தேடித் தொட்டீர்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரிடம் ஆரம்பித்துவிட்டீர்கள்.

"இதாம்மா நான் சொல்வேனே, அந்தத் தம்பி. என் கண்ணு மங்குதுனு ஒரு வார்த்த சொன்னேன். இந்த வெயில்ல ரிச்சி தெரு பூரா அலஞ்சி எனக்குனு கார்டு வாங்கியாந்துச்சி. சொந்தத் தம்பிகூட செய்யாது."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார். நான் காபியைக் குடித்தேன். தம்ளரைக் கீழே வைத்தேன். உரியவன்போல் உட்கார்ந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். சொன்னால் உங்களிடம் மிச்சம் இருக்கும் ஒரு நல்ல நினைவும் போய்விடும், அதனால்தான் சொல்லவில்லை என்று பஸ்ஸில் எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பெரும்பகுதி பயம். அதற்குப் பிறகு வரவே இல்லை. தீபாவளிக்குப் போன் செய்வேன். "கண்ணு எப்படி இருக்குக்கா?" என்று ஒரு முறையும் கேட்டதில்லை, கவனித்தீர்களா?

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோட்டூர்புரம் போனேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கடைசி வருடங்களில் உங்களைப் பார்த்துக்கொண்ட உங்கள் அண்ணன் மகளை மாடி வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் எச்சரித்தது, நான் எடுத்த பெட்டி, ஞாயிற்றுக்கிழமைகள், டாக்டர் அறை, எதையும் விடவில்லை. அந்தப் பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடைசி வரை கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?" என்றாள்.

"யார்கிட்டயாவது சொல்லணும்னு..."

"அத்தகிட்ட சொல்லிருக்கணும்" என்றாள், மெதுவாக. "கண்ணுதான் போச்சி அவுங்களுக்கு. காது கடைசி வரைக்கும் நல்லாத்தான் கேட்டுக்கினு இருந்திச்சி."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் படியிறங்கத் தொடங்கியபோது மேலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "படில லைட்டு எரியல. பாத்து எறங்குங்க."

அக்கா, மன்னிப்பு கேட்டு இதை எழுதவில்லை. கொடுக்கவேண்டியவர் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் இல்லை. டாக்டர் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலைத் திருத்தத்தான் எழுதுகிறேன். நீங்களாக நினைத்துக்கொள்ளவில்லை. நான்தான் சொன்னேன்.